புது ஜாய்ஸ்டிக் பேஸ்: கேம் முதல் கர்வ் வரை, கைக்கேற்ப அமைக்கும் முழு வழிகாட்டி

புது பேஸ் (விமான சிமுலேட்டர் ஜாய்ஸ்டிக்கின் அடிப்பாகம்) வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ரொம்ப டைட்டா இருக்கு, எந்த ஸ்பிரிங் போடலாம்?" நேரில் போய்ப் பிடித்துப் பார்த்தால், பல நேரம் ஸ்பிரிங்கில் குறையே இருக்காது. ஸ்டிக் நடுவில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதை அங்கிருந்து கிளப்புவதற்குத்தான் கை வலிக்கிறது. அந்தப் பள்ளம் கேமின் வேலை, அதாவது ஸ்டிக்கின் அடியில் இருக்கும் வளைந்த உலோகத் துண்டின் வேலை. மெல்லிய ஸ்பிரிங் போட்டால் பள்ளம் கொஞ்சம் இளகும், ஆனால் போகாது. கூடவே ஓரங்களில் ஸ்டிக் தொளதொளவென்று ஆகிவிடும்.

அதனால் இந்த வேலையில் வரிசைதான் பாதி விஷயம். மவுண்ட் (பேஸைப் பிடித்துவைக்கும் அமைப்பு), கிரிப்பின் (கைப்பிடியின்) உயரம், கேம், ஸ்பிரிங், பிரீலோடு (ஸ்பிரிங்கின் ஆரம்ப இழுப்பு), கிளட்ச் (உராய்வுத் தட்டு), கேலிபரேஷன் (நடுவையும் ஓரங்களையும் பதியவைப்பது), கடைசியில் கர்வ் (கையசைவுக்கு விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்ற மென்பொருள் வளைவு). முன்னால் உள்ளதை மாற்றினால் பின்னால் உள்ளதெல்லாம் மாறும். தலைகீழாகச் செய்தவர்கள் ஒரே பேஸை நான்கு முறை திறந்து மூடியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் உண்டு.

விகேபி கன்ஃபைட்டர், விர்பில் மங்கூஸ் வகையறா போல, கேமையும் ஸ்பிரிங்கையும் கழற்றி மாற்றக்கூடிய பேஸ்களுக்காக எழுதுகிறேன். த்ரஸ்ட்மாஸ்டர் வார்ட்ஹாக் போல நடுவில் ஒரு பெரிய ஸ்பிரிங் வைத்த பேஸுக்கு மவுண்ட், மென்பொருள், கர்வ் பற்றிய பகுதிகள் மட்டும் பொருந்தும். மோட்டார் வைத்த ஃபோர்ஸ் ஃபீட்பேக் பேஸ்களில் இந்த அழுத்தம் எல்லாம் மென்பொருளிலேயே அமைவது. அது தனிக் கதை.

இன்னொன்று. இந்தக் கட்டுரையில் கேம் என்றால் எப்போதும் அந்த உலோகத் துண்டுதான். விளையாட்டை சிமுலேட்டர் என்றே எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம்.

1. கையருகே வேண்டியவை

நல்ல ஆலன் கீ செட் ஒன்று, மில்லிமீட்டர் அளவில். பெட்டியில் வரும் கீ அவசரத்துக்கு ஆகும், ஆனால் முனை மழுங்கிய கீ ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும். அறுகோணப் பள்ளம் ஒருமுறை வட்டமாகிவிட்டால் அந்த ஸ்க்ரூவை எடுப்பதற்கே ஒரு மாலை போய்விடும்.

காந்தம் வைத்த தட்டு அல்லது வெள்ளைத் துணி விரித்த தாம்பாளம். ஊசிமூக்குக் குறடு. கொஞ்சம் வலுவான நைலான் கயிறு, மீன்பிடி நரம்பாக இருந்தாலும் சரி. போன் கேமரா. கண்ணாடி போடாதவர்கள் ஏதாவது ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இழுபட்ட ஸ்பிரிங் கொக்கியிலிருந்து நழுவினால் நேரே முகத்துக்கு வரும்.

பலரிடம் இல்லாத, ஆனால் நான் விட மாட்டேன் என்கிற ஒன்று: பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு. விமானப் பயணத்துக்கு வாங்கியது வீட்டில் எங்கேயாவது கிடக்கும். "கொஞ்சம் டைட்", "ரொம்ப லூஸ்" என்பதெல்லாம் நாளைக்கு மறந்துவிடும். 850 கிராம் என்று எழுதி வைத்தால் மறக்காது.

கிரீஸ் வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத செயற்கை கிரீஸ் மட்டும். டபிள்யூடி-40-ஐ இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். இருக்கிற நல்ல கிரீஸைக் கரைத்துக் கழுவிவிட்டு, கொஞ்ச நாளில் அதுவும் போய்விடும்.

2. முதல் பத்து மணி நேரம் திறக்காதீர்கள்

பெட்டியிலிருந்து எடுத்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்குவது பெரிய ஆசை. பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய சின்ன ஜாய்ஸ்டிக்கிலிருந்து வருகிறவர்களுக்கு எந்த நல்ல பேஸும் முதல் இரண்டு நாள் பாரமாகத்தான் தெரியும். முன்கைத் தசை பழகியதும் பாதிப் புகார்கள் தானாகவே கரைந்துவிடும்.

அந்தப் பத்து மணி நேரத்தில் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த விமானம், எந்த வேலை செய்யும்போது, கை எங்கே தடுமாறுகிறது. "நடுவில் சின்னத் திருத்தம் செய்யும்போது மூக்கு தாண்டிப் போகிறது", "முழுக்க இழுத்துப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது" போல. முதல் குறை கேமையோ கிளட்சையோ காட்டும், இரண்டாவது ஸ்பிரிங்கையோ உயரத்தையோ.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கையை எடுத்தால் ஸ்டிக் தானாகச் சாய்ந்து விழுகிறதென்றால் காத்திருக்க ஒன்றுமில்லை, நேரே 5-ஆம் பகுதிக்குப் போங்கள்.

3. மவுண்ட்: முதலில் மேசையைச் சந்தேகியுங்கள்

பேஸை அசையாமல் பிடித்துவைக்காமல் வேறு எதையும் சரிபார்க்க முடியாது. ஸ்டிக்கை இழுக்கும்போது மேசைப் பலகை 2 மில்லிமீட்டர் வளைந்தால், அதை உங்கள் கை "நடுவில் ஆட்டம் இருக்கிறது" என்று படிக்கும்.

சோதிக்க எளிய வழி: இடது கை விரலை பேஸுக்கும் மேசைக்கும் இடையிலான விளிம்பில் வையுங்கள். வலது கையால் ஸ்டிக்கை நான்கு பக்கமும் ஆட்டுங்கள். விரலில் அசைவு தெரிந்தால் குறை மவுண்டில். தெரியாமல் ஸ்டிக்கில் மட்டும் தெரிந்தால் பேஸில்.

உறிஞ்சுக் கப்புகளை நம்ப வேண்டாம். மேசையோரத்தில் மாட்டும் கிளாம்ப், அல்லது நாற்காலியில் இறுக்கிய 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை, இரண்டில் ஒன்று. பலகை என்றால் பேஸின் அடியில் இருக்கும் துளைகளின் ஆழத்தை அளந்து, அதற்கேற்ற நீளத்தில் போல்ட் வாங்குங்கள். அதிக நீள போல்ட் உள்ளே போய் சர்க்யூட் போர்டைக் குத்தும்.

உயரம்: உட்கார்ந்து, முழங்கையை மடித்து, முன்கை தரைக்கு இணையாக வரும்போது கை கிரிப்பில் இயல்பாக விழ வேண்டும். மேசை மேல் வைத்தால் பெரும்பாலும் தோள் தூக்கிக்கொள்ளும். தோள் தூக்கியிருந்தால் எந்த ஸ்பிரிங்கும் கனமாகத்தான் இருக்கும்.

4. மென்பொருளை வெறுமையாக்குங்கள்

பேஸைத் தொடும் முன் எல்லாக் கர்வையும், எல்லா டெட்ஸோனையும் (நடுவில் அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) பூஜ்யமாக்குங்கள். இவை மூன்று இடங்களில் ஒளிந்திருக்கும்: பேஸோடு வந்த மென்பொருள், விண்டோஸ், சிமுலேட்டர். பேஸில் ஒரு கர்வ், சிமுலேட்டரில் இன்னொரு கர்வ் என்று இரண்டும் பெருகினால், நடு செத்துப்போய் ஓரம் வெறிபிடித்ததுபோல ஆகும். உடனே பழி ஸ்பிரிங் மேல் விழும்.

விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து joy.cpl என்று தட்டினால் பழைய Game Controllers சாளரம் வரும். அங்கே ஏதாவது கேலிபரேஷன் சேமித்திருந்தால் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாருங்கள். இந்த வகை பேஸ்களில் கேலிபரேஷன் பேஸின் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸும் தன் பங்குக்கு ஒன்று செய்தால் இரண்டும் சண்டை போடும்.

ஃபர்ம்வேர் (பேஸின் உள்ளே ஓடும் மென்பொருள்) புதுப்பிக்க வேண்டுமென்றால் இப்போதே செய்துவிடுங்கள். யுஎஸ்பி ஹப் வழியாக வேண்டாம், கணினியின் பின்பக்கத் துளையில் நேரே செருகுங்கள். அதற்கு முன் இருக்கிற புரொஃபைலைச் சேமியுங்கள்.

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டரை ஆடுபவர்களுக்கு: புதுக் கருவி எதைச் செருகினாலும் அது பிட்ச் (முன்-பின்), ரோல் (பக்கவாட்டு) அச்சுகளைத் தானாகவே தனக்கும் எழுதிக்கொள்ளும். த்ராட்டிலும் பெடலும் சேர்ந்து பிட்ச்சை இழுப்பதைப் பார்த்துவிட்டு, பேஸ் பழுது என்று திருப்பி அனுப்பப் போனவரை நான் தடுத்திருக்கிறேன். ஆக்ஸிஸ் பக்கத்தில் தேவையில்லாததை எல்லாம் துடைத்துவிடுங்கள்.

5. கிரிப்பும் எக்ஸ்டென்ஷனும் முதலில்

எக்ஸ்டென்ஷன் (பேஸுக்கும் கிரிப்புக்கும் இடையே மாட்டி ஸ்டிக்கை நீட்டும் குழாய்) வாங்கப் போகிறீர்களா? அப்படியானால் அது வரும்வரை பேஸைத் திறக்காதீர்கள். இங்கே கணக்கு ரொம்ப எளிது. பேஸின் அச்சிலிருந்து உங்கள் உள்ளங்கை 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 200 மில்லிமீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டால் 40 ஆகிறது. அதே ஸ்பிரிங், அதே கேம், ஆனால் கைக்குத் தெரியும் விசை பாதி. ஸ்டிக் 20 பாகை சாயும் பேஸ் என்றால் கையின் பயணம் சுமார் 7 சென்டிமீட்டரிலிருந்து 14-ஆக இரட்டிக்கும். சின்ன ஸ்டிக்கில் பட்டும் படாமலும் செய்த திருத்தங்கள் இதில் தாராளமாக வரும்.

இதற்கு ஒரு விலை உண்டு, கிரிப்பின் எடை. 700 கிராம் கிரிப் 20 பாகை சாய்ந்தால், அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 240 கிராம், சாய்ந்த பக்கத்துக்கே இழுக்கும். உங்கள் ஸ்பிரிங் அந்தக் கோணத்தில் கையளவில் 300 கிராம்தான் கொடுக்கிறதென்றால், நடுவுக்குத் திரும்ப மிஞ்சுவது 60 கிராம். அதையும் உராய்வு தின்றுவிடும். கையை எடுத்தால் ஸ்டிக் படுத்துக்கொள்வது இதனால்தான். கழுத்து வளைந்த எக்ஸ்டென்ஷனில் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால் இன்னும் மோசம்.

ஆகவே நீள ஸ்டிக்குக்கு கனமான ஸ்பிரிங், சின்ன ஸ்டிக்குக்கு நடுத்தரம். "லேசா இருக்கட்டும்" என்று நீள ஸ்டிக்கில் மெல்லிய ஸ்பிரிங் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறுகளிலேயே விலை உயர்ந்தது.

கிரிப்பை இறுக்கும் வளைய நட் பற்றி ஒரு வார்த்தை: கையால் இறுக்குங்கள், பிறகு கிரிப்பை மெல்ல ஆட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம். குறடு வேண்டாம். இறுக்கும்போது கிரிப் சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் கனெக்டரின் ஊசிகள் வளைந்துவிடும்.

6. திறக்கும்போது

கேபிளைக் கழற்றுங்கள். கிரிப்பையும் கழற்றிவிடுங்கள், அதன் எடை ஸ்டிக்கைச் சாய்த்துக்கொண்டே இருந்தால் வேலை ஓடாது. மூடியைத் திறந்ததும் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்த ஸ்பிரிங் எந்தக் கொக்கியில், பிரீலோடு நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது, வயர் எந்த வழியாகப் போகிறது என்பது படத்தில் தெரிய வேண்டும்.

விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரு அச்சு. பிட்ச்சைக் கழற்றினால் ரோலைத் தொடாதீர்கள். அது உங்கள் கண்முன் இருக்கும் மாதிரி. இரண்டையும் கழற்றிப் பரப்பியவர்கள், பேரிங் எந்தப் பக்கம் பார்த்தது என்று போனில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஸ்பிரிங்கைக் குறடால் இழுத்தால் அது நழுவும், கம்பியில் கீறலும் விழும். நைலான் கயிற்றை இரட்டையாக மடித்து ஸ்பிரிங்கின் கொக்கிக்குள் விட்டு, கயிற்றை ஒரு ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியில் சுற்றி இழுங்கள். நேர்கோட்டில் இழுபடும், கைக்கும் வசம். முதல் தடவை நான் குறடால் இழுத்த ஸ்பிரிங் அலமாரிக்கு அடியில் போய், அலமாரியை நகர்த்திய பிறகுதான் கிடைத்தது.

7. கேம்: நடுவின் வடிவம்

ஒவ்வொரு அச்சிலும் ஸ்பிரிங் ஒரு நெம்புகோலை இழுக்கிறது. அந்த நெம்புகோலின் நுனியில் ஒரு பேரிங் இருக்கிறது. அது கேமின் மேல் அழுந்தி உருள்கிறது. பேரிங் கேமில் மேடேறும் இடத்தில் கைக்குக் கனம் தெரியும். எவ்வளவு செங்குத்தான மேடோ அவ்வளவு கனம். ஆக, ஸ்பிரிங் மொத்தக் கனத்தைத் தீர்மானிக்கிறது. அந்தக் கனம் எங்கே கூடி எங்கே குறைய வேண்டும் என்பதைக் கேம் தீர்மானிக்கிறது.

கேமைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் கூர்மையான பள்ளம் இருந்தால் அது கடின சென்டர். பள்ளமே இல்லாமல் கிண்ணம்போல வழுவழுவென்று வளைந்திருந்தால் மென்மையான சென்டர். கிட்டத்தட்ட வட்டமாக, நடுவென்று ஒன்றே தெரியாமல் இருந்தால் அது ஹெலிகாப்டருக்கு.

கடின சென்டர் யாருக்கு? கையை எடுத்தால் ஸ்டிக் சரியாக நடுவில் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு. விண்வெளி சிமுலேட்டர்களில் அது வசதி, நடு என்றால் அங்கே அசைவே இல்லை என்று அர்த்தம். ஒரு அச்சை மட்டும் தனியாக அசைக்கவும் உதவும்.

ஆனால் டேங்கர் விமானத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு எரிபொருள் வாங்கும்போது? அங்கே கை நடுவை நொடிக்கு நொடி குறுக்கே தாண்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் விழுந்து, ஏறி, விழுந்து. வெளியே வர அழுத்திய விசை, வந்ததும் மிச்சமாகி ஸ்டிக்கைத் தேவைக்கு மேல் தள்ளிவிடும். மூக்கு மேலும் கீழும் ஆடத் தொடங்கும். பயிற்சி போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார்கள். மென்மையான கேமைப் போட்டதும் அன்று மாலையே குழாயில் ஒட்டி நின்ற ஆளை எனக்குத் தெரியும்.

இன்னொரு சோதனை: ஸ்டிக்கை ஒரு வட்டமாக மெதுவாகச் சுற்றுங்கள். கடின சென்டரில் ஒரு சுற்றுக்கு நான்கு இடங்களில் "டக்" என்று தட்டும், கூட்டல் குறியின் மேல் சக்கரம் ஓட்டுவதுபோல. மென்மையான கேமில் வட்டம் வட்டமாகவே வரும்.

என் தீர்ப்பு: விமானம் ஓட்டுபவர்கள் இரண்டு அச்சிலும் மென்மையான சென்டரில் தொடங்குங்கள். ஹெலிகாப்டர் மட்டுமே என்றால் நடுவில்லா கேம். இரண்டு அச்சுக்கும் ஒரே வகை கேம் போடுங்கள். வேறு வேறாகப் போட்டால் மூலைவாட்டில் அசைக்கும்போது கை குழம்பும். பெட்டியில் மாற்று கேம் வரவில்லை என்றால் தனியாக வாங்குங்கள், ஸ்பிரிங் செட்டுக்கு முன்னால் காசு அதற்குப் போகட்டும்.

கேமை மாட்டும்போது அதன் ஸ்க்ரூக்களை உடனே முழுசாக இறுக்காதீர்கள். எல்லாவற்றையும் பாதி இறுக்கிவிட்டு, ஸ்டிக்கை இருபக்கமும் ஒருமுறை ஆட்டி, கேம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். கோணலாக இறுகிய கேமில் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் லேசாகவும் இருக்கும்.

8. ஸ்பிரிங்: ரோல் லேசாக, பிட்ச் கனமாக

இரண்டு அச்சிலும் ஒரே ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு ஏதோ சரியில்லை என்பவர்கள் நிறைய. முன்னும் பின்னும் இழுக்கும்போது முழுக் கையும் வேலை செய்கிறது. பக்கவாட்டில் மணிக்கட்டும் முன்கையும் மட்டும். ஒரே கனம் இருந்தால் ரோல் எப்போதும் பிட்ச்சைவிட பாரமாகவே தெரியும்.

நிஜ விமான வடிவமைப்பிலும் இது பழைய பாடம்: ஏலரான் (ரோல்), எலிவேட்டர் (பிட்ச்), ரட்டர் (கால் பெடல்) மூன்றின் விசையும் 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்தால் கைகால்களுக்கு இசைவாக இருக்கும் என்பார்கள். மேசை ஜாய்ஸ்டிக்கில் 1:2 கொஞ்சம் அதிகம். ரோலுக்கு 2 என்றால் பிட்ச்சுக்கு 3 என்பது எனக்கு ஒத்துவருகிறது.

அளப்பது இப்படி. ஆள்காட்டி விரல் பிடிக்கும் உயரத்தில் கிரிப்பில் ஒரு கயிற்று வளையம் போடுங்கள். தராசின் கொக்கியை அதில் மாட்டி, கிடைமட்டமாக, மெதுவாக இழுங்கள். ஸ்டிக் நடுவிலிருந்து அசையத் தொடங்கும் கணத்தில் ஒரு எண், பாதி தூரத்தில் ஒரு எண், கடைசியில் ஒரு எண். மூன்றையும் எழுதுங்கள். என் சின்ன ஸ்டிக்கில் பாதி தூரத்தில் பிட்ச் 900 கிராம், ரோல் 600. உங்களுக்கு இதே எண் வேண்டியதில்லை. விகிதமும், எழுதி வைக்கும் பழக்கமும்தான் முக்கியம்.

முதல் எண் பாதி தூர எண்ணில் பாதிக்கு மேல் போனால், நடு இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய ஸ்பிரிங்கைத் தேட வேண்டாம். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

ஒரு அச்சில் இரண்டு ஸ்பிரிங் மாட்ட இடமிருந்தால், ஒன்று கனம் ஒன்று லேசு என்று கலந்து இடைப்பட்ட கனத்தைப் பெறலாம். கொக்கியின் திறந்த வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று படத்தில் பார்த்து அதேபோல மாட்டுங்கள். தப்பாக மாட்டினால் ஸ்டிக் முழுக்கச் சாயும்போது மூடியில் உரசி, "கிறீச்" என்று சத்தம் வரும்.

9. பிரீலோடு: அரைச் சுற்று போதும்

ஸ்டிக் நடுவில் சும்மா நிற்கும்போதே ஸ்பிரிங் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதுதான் பிரீலோடு. எல்லா பேஸிலும் இதற்குத் திருகு இருக்காது. இருந்தால் இதுதான் நுணுக்கமான இடம்.

அதிகமாக இறுக்கினால் ஸ்டிக்கை நடுவிலிருந்து கிளப்பவே தனி விசை வேண்டும். தளர்த்தினால் பேரிங் கேமில் சரியாக அழுந்தாமல் நடுவில் வெற்றாட்டம் வரும். வெற்றாட்டம் மறையும் இடம்வரை இறுக்குங்கள், அதற்கு மேல் அரைச் சுற்று, அத்தோடு நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் நட் இருந்தால் இருபக்கமும் ஒரே எண்ணிக்கையில் திருப்புங்கள்.

10. கிளட்ச்: அதிகம் கெட்டுப்போகும் இடம்

இந்த பேஸ்களில் கிளட்ச் அல்லது டேம்பர் என்று சொல்வது பெரும்பாலும் உராய்வுத் தட்டு. திருகை இறுக்கினால் தட்டு அழுந்தி, ஸ்டிக்கின் வேகத்தைப் பிடித்து நிறுத்தும். இதை வைக்கக் காரணம், கையை எடுத்தால் ஸ்டிக் நடுவைத் தாண்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடாமல் இருக்க.

ஆசையில் எல்லோரும் அதிகம் இறுக்குவார்கள். எண்ணெயில் ஓடுவதுபோல இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் உராய்வுக்கு ஒரு கெட்ட குணம்: அசையத் தொடங்கும் கணத்தில் அதிகமாகப் பிடிக்கும், அசைந்த பிறகு விட்டுவிடும். மிகச் சின்னத் திருத்தம் செய்ய நினைக்கும்போது ஸ்டிக் முதலில் ஒட்டி, பிறகு தாவும். டேங்கர் பின்னால் இது கடின சென்டரைவிடக் கொடுமை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். பேஸின் மென்பொருளில் அச்சின் எண்ணைத் திறந்து வையுங்கள். 16 பிட் அளவு என்றால் 0 முதல் 65535 வரை ஓடும், நடு 32767 அருகே. ஸ்டிக்கை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்து மெதுவாகத் திரும்ப விடுங்கள், நின்ற எண்ணை எழுதுங்கள். இடப்பக்கமிருந்தும் அதேபோல. இரண்டு எண்ணுக்கும் இடையே 300-க்குள் இருந்தால் நல்லது, அது மொத்தத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஆயிரத்தைத் தாண்டினால் கிளட்ச் ஸ்பிரிங்கை வென்றுகொண்டிருக்கிறது. கால் சுற்று தளர்த்திவிட்டு மறுபடி பாருங்கள்.

நான் செய்யும் முறை: கிளட்சை முழுக்கத் தளர்த்தி, பாதி தூரத்திலிருந்து ஸ்டிக்கை விடுவேன். எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணி, ஒரே ஒரு ஆட்டத்தில் அடங்கும்வரை கால் கால் சுற்றாக இறுக்குவேன். முழுத் தூரத்திலிருந்து விடாதீர்கள். எதிர்ப்பக்கத் தடுப்பில் போய் மோதி உடம்புக்கு ஆகாது, பேஸின் உடம்புக்கு.

உராய்வுத் தட்டில் கிரீஸ் பட்டுவிட்டால் அது பிடிக்காது. பட்டுவிட்டதா? ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். எண்ணெய்போன்ற வழுக்கல்தான் வேண்டுமென்றால், அதற்கென்று உள்ள கெட்டியான டேம்பிங் கிரீஸைக் கேமின் மேல் கடுகளவு மெலிதாகத் தடவலாம். ஆனால் கிரீஸ் வெயிலில் இளகும். ஏசி ஓடும் அறையில் அமைத்த ஸ்டிக், மே மாத மத்தியானம் மின்சாரம் போய் வந்தபின் வேறு ஸ்டிக்காக இருக்கும்.

ஹெலிகாப்டர்காரர்களுக்கு இங்கே எல்லாம் தலைகீழ்: ஸ்பிரிங் வேண்டாம் அல்லது மிக லேசு, கிளட்ச் இறுக்கம், விட்ட இடத்தில் ஸ்டிக் நிற்க வேண்டும். அப்படி அமைத்தால் சிமுலேட்டரிலும் டிரிம் (கையை எடுத்தாலும் அதே நிலையில் பறக்கும்படி அமைப்பது) முறையை ஸ்பிரிங் இல்லாத ஜாய்ஸ்டிக்குக்கு உரியதாக மாற்றுங்கள். மாற்றாவிட்டால் டிரிம் பட்டனை அழுத்தியதும் ஹெலிகாப்டர் புரளும்.

11. மூடு, பிறகு கேலிபரேட் செய்

பிளாஸ்டிக்கில் போகும் ஸ்க்ரூக்களை முதலில் இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். பழைய மரையில் விழும்போது சின்னதாக ஒரு "டிக்" கேட்கும். அங்கிருந்து இறுக்குங்கள். நேரே இறுக்கினால் புது மரை வெட்டி, மூன்றாவது முறை பிடிப்பே இருக்காது.

கேமோ ஸ்பிரிங்கோ மாறினால் நடு இம்மியளவு நகர்ந்திருக்கும். அதனால் கேலிபரேஷன் மூடிய பிறகுதான், கிரிப் மாட்டிய பிறகுதான். பேஸின் மென்பொருளில் தொடங்கி, நான்கு ஓரங்களையும் மூலைகளையும் மெதுவாகத் தொட்டு இரண்டு மூன்று சுற்று. ஓரத்தில் அழுத்தி நெரிக்காதீர்கள். நெரித்துப் பதிந்த எல்லையை இயல்பான கை மறுபடி எட்டாது, பறக்கும்போது 97 சதவீதத்தில் நின்றுவிடும்.

தானியங்கிக் கேலிபரேஷன் என்று ஒரு தெரிவு இருந்தால் வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். டெட்ஸோன் 0 அல்லது 1 சதவீதம். காந்த சென்சார்கள் பெரிதாக நடுங்குவதில்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால் 10-ஆம் பகுதியில் ஏதோ விட்டுவிட்டீர்கள்.

12. கர்வ்: மிச்சத்துக்கு மட்டும்

200 மில்லிமீட்டர் எக்ஸ்டென்ஷனில் இருப்பவர்கள் கர்வைத் தொடாமலே இருக்கலாம். கை 14 சென்டிமீட்டர் போகும்போது கர்வ் எதற்கு?

சின்ன ஸ்டிக் என்றால், டிசிஎஸ்ஸில் கர்வேச்சரை 10-இல் தொடங்கி 20-க்குள் நிறுத்துங்கள். எஃப்-16 போல கணினி இடையில் நின்று பறக்கும் விமானங்களுக்குக் குறைவாக, இரண்டாம் உலகப்போர் விமானங்களுக்குச் சற்று அதிகமாக. கர்வ் நடுவை மென்மையாக்குவதற்கு ஈடாக ஓரத்தைக் கூர்மையாக்கும், இலவசமாக எதுவும் தராது. ஒய் சாச்சுரேஷனைக் (வெளியீட்டின் உச்ச அளவைக்) குறைத்தால் முழு அசைவே கிடைக்காது, அதை விட்டுவிடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் ரியாக்டிவிட்டி என்ற அளவு 100-இலேயே இருக்கட்டும். குறைத்தால் கைக்கும் விமானத்துக்கும் இடையே தாமதம் நுழையும், இவ்வளவு நேரம் அமைத்த கேமும் கிளட்சும் வீண்.

13. பறந்து பார்ப்பது

டிசிஎஸ்ஸில் வலது கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் ஸ்டிக்கின் நிலை திரையில் சின்னக் கட்டமாகத் தெரியும். தெரிந்த விமானம் ஒன்றை எடுத்து, காற்றில்லாத வானிலையில் டிரிம் செய்து நேராகப் பறங்கள்.

மூக்கை 2 பாகை தூக்கி நிறுத்துங்கள். 30 பாகை சாய்ந்து, தாண்டாமல் நில்லுங்கள். பிறகு முன்னால் போகும் விமானத்தின் இறக்கை நுனியோடு ஐந்து நிமிடம் ஒட்டிப் பறங்கள். ஐந்தாவது நிமிடத்தில் கட்டத்தில் புள்ளி நடுவைச் சுற்றி மெதுவாக ஊர்ந்தால் சரி. நடுவிலிருந்து எகிறி எகிறிக் குதித்தால் கிளட்சைக் கால் சுற்று தளர்த்துங்கள், அடங்கவில்லையா, பிரீலோடு அரைச் சுற்று. ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் நோட்டில் எழுதிய பிறகு.

ஒரு மாதம் கழித்து கேமின் ஸ்க்ரூக்களை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், புது பேஸில் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். கழற்றிய கேம்களையும் ஸ்பிரிங்குகளையும் தனித்தனி ஜிப் பைகளில் போட்டு, மேலே கிராம் கணக்கை எழுதி, பேஸ் வந்த பெட்டியிலேயே வையுங்கள். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லி வையுங்கள்.